லித்தியம் உலோகத்துக்குப் புதிய பூச்சு: மின்கலமாகவே செய்து விற்பதா, பூச்சை மட்டும் விற்பதா?

வெள்ளித்தகடு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். முனைவர் பட்ட ஆய்வை ஒன்றாகச் செய்து முடித்த நாங்கள் இருவர், ஆய்வகத்தில் ஐந்தாண்டுகள் பாடுபட்டதை ஒரு நிறுவனமாக மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். எங்களுடையது லித்தியம் உலோக ஆனோடின் (மின்கலத்தின் எதிர்மின்முனை) மேல் பூசப்படும் மெல்லிய பாலிமர் பூச்சு. இன்றைய லித்தியம்-அயனி மின்கலங்களில் ஆனோடாக இருக்கும் கிராஃபைட்டின் கொள்திறன் கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர்-மணி. லித்தியம் உலோகத்துக்கோ அது ஏறத்தாழ 3,860. இந்த வேறுபாட்டுக்காகவே பலரும் லித்தியம் உலோகத்தின் பின்னால் போகிறார்கள். சார்ஜ் ஏறும்போது அது சமமாகப் படியாமல் முள் முள்ளாக வளர்ந்து, இரு முனைகளையும் பிரிக்கும் செப்பரேட்டர் சவ்வைத் துளைத்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகிவிடுவதால் அவர்களில் பலர் பாதியில் திரும்பியும் விடுகிறார்கள். எங்கள் பூச்சு அந்த முட்கள் வளர்வதைப் பெருமளவு அடக்குகிறது.

கையில் இருக்கும் சான்று இதுதான்: காயின் செல்களில் (நாணய வடிவச் சிறு சோதனை மின்கலங்கள்) 500 முறை சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகும், அதாவது 500 சுழற்சிகளுக்குப் பிறகும், தொடக்கக் கொள்திறனில் 91 சதவீதம் எஞ்சியிருக்கிறது. பூச்சு இல்லாத செல்கள் 120 சுழற்சிகளுக்குள் செத்துவிடுகின்றன. ஏறக்குறைய நாற்பது செல்களில் இதைப் பார்த்துவிட்டோம். ஒரு கட்டுரை வெளியாகியிருக்கிறது. இன்னொன்று மதிப்பாய்வில் உள்ளது.

இப்போது எங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. சிறிய உற்பத்தி வரிசை ஒன்றை அமைத்து மின்கலங்களை நாங்களே செய்து விற்கலாம். பூச்சுப் பொருளையோ பூசிய லித்தியம் தகட்டையோ மின்கல உற்பத்தியாளர்களுக்கு விற்கலாம். அல்லது காப்புரிமையைப் பெரிய நிறுவனம் ஒன்றுக்கு உரிமமாகக் கொடுத்துவிட்டு அடுத்த ஆய்வுக்குப் போய்விடலாம். நாங்கள் பேசிப் பார்த்த முதலீட்டாளர்களில் ஒருவர், பொருள் விற்பவர்கள் எப்போதும் சிறியவர்களாகவே இருப்பார்கள், மதிப்பு முழுவதும் மின்கலத்தில்தான் இருக்கிறது என்கிறார். இன்னொருவர், வாங்குவோரிடமிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்தால் பேசலாம் என்கிறார். மின்கலம் இல்லாமல் கடிதம் கிடைக்காது, கடிதம் இல்லாமல் மின்கலம் செய்யப் பணம் கிடைக்காது என்ற நிலையில் நிற்கிறோம். இத்துறையில் அனுபவம் உள்ளவர்கள் எதை முதலில் செய்யச் சொல்வீர்கள்?

சோதனைக்கூடம்

வாழ்த்துகள். ஐந்தாண்டு உழைப்பைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். ஆனால் மூன்று வழிகளில் எது என்று கேட்பதற்கு முன் உங்களிடம் இருப்பது என்ன என்பதைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் செய்து அனுப்பும் மின்கலங்களைப் பல ஆண்டுகளாகச் சோதித்துவருபவன் என்ற முறையில் மூன்று எண்களைக் கேட்கிறேன். அந்தக் காயின் செல்லில் நீங்கள் வைத்த லித்தியம் தகட்டின் தடிமன் எவ்வளவு? கேத்தோடின் (நேர்மின்முனை) கொள்திறன் சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு? முனைகளுக்கிடையே அயனிகளைக் கடத்தும் திரவமான மின்பகுளியை எத்தனை மைக்ரோலிட்டர் விட்டீர்கள்?

பெரும்பாலான ஆய்வகங்களில் வழக்கமாக இருப்பதை வைத்து நானே ஊகிக்கிறேன். தவறாக இருந்தால் திருத்துங்கள். தகடு 250 மைக்ரான், கேத்தோடு சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லி ஆம்பியர்-மணி, மின்பகுளி 80 மைக்ரோலிட்டர். ஒரு மைக்ரான் தடிமனுள்ள லித்தியத்தில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.2 மில்லி ஆம்பியர்-மணி இருக்கிறது. எனவே 250 மைக்ரான் தகட்டில் இருப்பு 50-க்கு மேல். கேத்தோடு ஒவ்வொரு சுழற்சியிலும் கேட்பது 1 மட்டுமே. அப்படியானால் ஒவ்வொரு சுழற்சியிலும் பத்தில் ஒரு பங்கு லித்தியம் வீணாகிப்போனாலும் 500 சுழற்சிகளுக்கு அந்த இருப்பே ஈடுகொடுத்துவிடும். கொள்திறன் வரைபடத்தில் கோடு நேராகப் போகும்; உள்ளே லித்தியம் கரைந்துகொண்டிருப்பது வெளியில் தெரியவே தெரியாது. குளம் நிறைய நீர் இருக்கும்போது மடையில் உள்ள ஓட்டை யார் கண்ணுக்கும் படாது.

மின்பகுளியும் அப்படித்தான். 12 மில்லிமீட்டர் வட்டக் கேத்தோடுக்கு 80 மைக்ரோலிட்டர் என்றால் ஒரு ஆம்பியர்-மணிக்கு 80 கிராமுக்கு மேல் வருகிறது. எடைக்கேற்ற ஆற்றலைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள விரும்பும் மின்கலத்தில் அது 3 கிராமைத் தாண்டக் கூடாது. பூச்சு இல்லாத உங்கள் செல்கள் 120 சுழற்சிகளில் இறந்ததும், பூசியவை 500 ஓடியதும் உண்மையான வேறுபாட்டைக் காட்டுகின்றன என்பதை ஏற்கிறேன். பூச்சு எதையோ செய்கிறது. எவ்வளவு செய்கிறது என்பதைத்தான் இந்தச் சோதனை சொல்லவில்லை.

இதையே தலைகீழாகவும் கணக்கிட்டுப் பாருங்கள். 20 மைக்ரான் லித்தியம், சதுர சென்டிமீட்டருக்கு 4 மில்லி ஆம்பியர்-மணி கேத்தோடு என்று வைத்துக்கொள்வோம். 500 சுழற்சிகளுக்குப் பிறகு 80 சதவீதம் எஞ்ச வேண்டுமானால், ஒவ்வொரு சுழற்சியிலும் இட்ட லித்தியத்தில் 99.75 சதவீதமாவது திரும்ப வர வேண்டும். 1,000 சுழற்சிகளுக்கு இது 99.9-ஐ நெருங்குகிறது. வாங்குபவரின் பொறியாளர் உங்களிடம் கேட்கப்போகும் முதல் எண் இதுதான். உங்கள் கட்டுரையின் அட்டைப்படத்தை அவர் பார்க்கவே மாட்டார்.

அடுத்து, காயின் செல்லுக்குள் ஒரு சுருள்வில் இருக்கிறது. அது எப்போதும் தகட்டை அழுத்திக்கொண்டிருக்கும். லித்தியம் உலோகம் அழுத்தத்தின் கீழ் நன்றாகவே நடந்துகொள்ளும். தகடுகளை அடுக்கடுக்காக மெல்லிய உறைக்குள் வைத்துச் செய்யும் பவுச் செல்லில் அந்த வில் கிடையாது. அதோடு, சதுர சென்டிமீட்டருக்கு 4 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் படியும்போது அந்தப் பரப்பு ஏறத்தாழ 20 மைக்ரான் உயர்கிறது. இரு பக்கமும் பூசிய பத்து ஆனோடுகள் இருந்தால் ஒவ்வொரு சார்ஜுக்கும் மின்கலம் 0.4 மில்லிமீட்டர் பருத்து, பிறகு இளைக்கும். உங்கள் பாலிமர் அந்த மூச்சுக்கு ஈடுகொடுத்து நீளுமா, விரிசல் விடுமா என்பது எனக்குத் தெரிய வேண்டும்.

ஆகவே நிறுவனத்தின் பெயரைப் பதிவு செய்வதற்கு முன், மெல்லிய தகடு, தடித்த கேத்தோடு, அளவான மின்பகுளி என்று மூன்றையும் ஒரே செல்லில் வைத்து ஓட்டுங்கள். அதிலும் நாற்பது செல்களில் சிறந்த மூன்றைக் காட்டாதீர்கள்; நாற்பதையும் காட்டுங்கள்.

வெள்ளித்தகடு

ஐயா, உங்கள் ஊகத்தில் தகட்டின் தடிமனும் கேத்தோடும் அப்படியே சரி. மின்பகுளி 75 மைக்ரோலிட்டர். கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. மதிப்பாய்வாளர்கள் மூவரில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 50 மைக்ரான் தகடு ஆய்வகத்தில் இருக்கிறது. கேத்தோடு 3 மில்லி ஆம்பியர்-மணி வரை பூச முடியும். தொடங்கிவிடுகிறோம். இதற்கிடையில் என் மூல கேள்விக்கும் யாராவது பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

உலர் அறை

நான் சொல்கிறேன். மின்கலத்தை நாங்களே செய்வோம் என்று கிளம்பிய ஒரு சிறிய நிறுவனத்தில் உற்பத்திப் பக்கம் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அது இப்போது இல்லை. எங்கள் வேதியியல் வேறு, ஆனால் நாங்கள் விழுந்த பள்ளம் உங்களுக்கும் வழியில் இருக்கிறது.

முதலீட்டாளர்களிடம் பணம் வாங்கும்போது புதிய வேதியியலுக்காக வாங்கினோம். அதில் பெரும்பங்கை விழுங்கியது வேதியியல் அல்ல, காற்று. லித்தியம் மின்கலத்தை மூடும் அறையில் ஈரப்பதம் கிட்டத்தட்ட இருக்கவே கூடாது. காற்றின் பனிநிலை (ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே இருக்க வேண்டும். லித்தியம் உலோகத்துக்கு இன்னும் கீழே. அந்தக் காற்றை உலர்த்தும் எந்திரம் இரவும் பகலும் ஓட வேண்டும். மின்கலம் ஒன்றும் செய்யாத நாளிலும் ஓட வேண்டும். நாங்கள் வேதியியலைத் திருத்திய நாள்களைவிட அந்த எந்திரத்தைப் பழுது பார்த்த நாள்களே அதிகம்.

ஒரு பிற்பகலை மறக்க முடியாது. வாடிக்கையாளர் ஒருவரின் குழு பார்வையிட வந்திருந்தது. நான்கு பேருக்கு மேல் உள்ளே போகக் கூடாது என்று கதவிலேயே எழுதியிருந்தும், மரியாதைக்காக ஏழு பேரை அனுப்பினோம். மனிதர்களின் மூச்சும் வியர்வையும்தான் உலர் அறைக்குள் வரும் ஈரத்தின் பெரும்பகுதி. மைனஸ் 45-இல் இருந்த அளவுமானி அரை மணி நேரத்தில் மைனஸ் 31-ஐக் காட்டியது. வேலையை நிறுத்தச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அன்று மூடிய மின்கலங்கள் அன்று நன்றாகத்தான் இருந்தன. முதல் சார்ஜ் ஏற்றி, முதிர வைத்து, மூன்றாம் வாரத்தில் எடுத்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் பஞ்சு போல் வீங்கியிருந்தன. அந்த வாடிக்கையாளருக்கு அனுப்பவிருந்த மாதிரிகள் அவை. இந்தத் தொழிலில் தவறு நடப்பது ஒரு நாள், தெரிவது இன்னொரு நாள். இடைப்பட்ட நாள்களில் செய்ததும் சேர்ந்து குப்பைக்குப் போகும்.

தேறும் விகிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழம்பு கலக்குவது, பூசுவது, உலர்த்துவது, உருளைகளுக்கிடையே அழுத்துவது, நறுக்குவது, அடுக்குவது, முனைகளைப் பற்றவைப்பது, மின்பகுளி நிரப்புவது, மூடுவது, முதல் சார்ஜ், முதிர்வு என்று நுணுக்கமாக எண்ணினால் இருபது படிகளாவது வரும். ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு 99 தேறினால் கடைசியில் 82 மின்கலங்கள் கிடைக்கும். 97 தேறினால் 54-தான். 97 என்பது பள்ளித் தேர்வில் நல்ல மதிப்பெண். எங்கள் ஆலையில் அது மூடுவிழாவுக்கான மதிப்பெண்.

பெரியவர்களும் இதில் தப்பவில்லை. எம்.ஐ.டி. ஆய்விலிருந்து 2001-இல் பிறந்த ஏ123 சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் வேதியியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2012 மார்ச்சில், பற்றவைக்கும் எந்திரம் ஒன்றின் அளவு பிசகியதால் குறைபட்ட மின்கலங்களை மாற்றித்தர வேண்டி வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. வேறு காரணங்களும் இருந்தன என்றாலும், சறுக்கியது வேதியியலில் அல்ல, வெல்டிங்கில். சுவீடனின் நார்த்வோல்ட் 2016-இல் தொடங்கிப் பல நூறு கோடி டாலர் திரட்டியது. சொன்ன அளவுக்கு உற்பத்தியைக் கூட்ட முடியாமல் திணறியபோது 2024-இல் பி.எம்.டபிள்யூ. தன் 200 கோடி யூரோ ஆர்டரைத் திரும்பப் பெற்றது. 2025 மார்ச்சில் அது சுவீடனில் திவாலானது. அவர்கள் புதிய வேதியியல் எதையும் கண்டுபிடித்து விற்கவில்லை. பலரும் செய்யும் மின்கலத்தையே செய்ய முயன்றார்கள் என்பதை நினைவில் வையுங்கள். நீங்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யப்போவதாகச் சொல்கிறீர்கள்.

இன்னொன்று, நீங்கள் போய்ச் சேரும்போது எதிரி அதே இடத்தில் நிற்க மாட்டான். ஆற்றல் சந்தை ஆய்வு நிறுவனமான ப்ளூம்பெர்க்என்இஎஃப் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கின்படி, 2010-இல் ஒரு கிலோவாட்-மணிக்கு ஆயிரம் டாலரைத் தாண்டியிருந்த லித்தியம்-அயனி பேட்டரித் தொகுதியின் சராசரி விலை 2024-இல் 115 டாலருக்கு இறங்கியது. உப்பு நீர் பேட்டரி செய்த அக்வியான் 2008-இல் தொடங்கும்போது போட்ட விலைக் கணக்கு அன்றைக்குச் சரியாகவே இருந்திருக்கும். 2017-இல் திவாலானபோது அந்தக் கணக்குக்குப் பொருளே இல்லை. இன்றைய விலையோடு ஒப்பிட்டு வரைந்த படம் உங்களிடம் இருந்தால் அதைக் கிழித்துவிட்டு, ஏழு ஆண்டுகளுக்குப் பிந்தைய விலையோடு ஒப்பிட்டு வரையுங்கள்.

என் பதில் இதுதான்: ஆலை கட்டாதீர்கள். உங்கள் பூச்சு, ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் இன்னொருவரின் வரிசையில், அவருடைய எந்திரங்களில் ஒன்றைக்கூட மாற்றாமல் நுழையுமா என்று மட்டும் கண்டுபிடியுங்கள். எந்தக் கரைப்பானில் பூசுகிறீர்கள், எவ்வளவு நேரத்தில் உலர்கிறது, பூசிய தகட்டைச் சுருட்டினால் ஒட்டிக்கொள்கிறதா, எத்தனை நாள் கெடாமல் இருக்கும் ஆகியவை உங்கள் 500 சுழற்சிகளைவிட முக்கியமான கேள்விகள். ஐம்பது கிராம் செய்த பாலிமரை ஐந்து கிலோ செய்தால் அதே பாலிமர்தான் வருகிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வரவில்லை.

உரிமப்பத்திரம்

காப்புரிமை தொடர்பான வேலையில் இருப்பதால் அந்தப் பக்கத்தை மட்டும் தொடுகிறேன். கேள்வியைப் படித்ததும் என் கண்ணில் உறுத்தியது ஒரு வரிதான்: ஒரு கட்டுரை வெளியாகியிருக்கிறது. அது வெளிவரும் முன் காப்புரிமைக்கு விண்ணப்பித்தீர்களா? ஐரோப்பாவில், விண்ணப்பத்துக்கு முன் நீங்களே வெளியிட்டது கூட உங்கள் கண்டுபிடிப்பின் புதுமையைக் கெடுத்துவிடும். அமெரிக்காவில் ஓராண்டு சலுகை உண்டு. முதல் விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து பிற நாடுகளில் முன்னுரிமை கோர 12 மாதங்கள் இருக்கின்றன. மதிப்பாய்வில் உள்ள இரண்டாம் கட்டுரையில் செய்முறை விவரம் ஏதேனும் இருந்தால், அது வெளியாகும் முன் ஒரு வழக்குரைஞரைப் பாருங்கள். இன்றைக்கே பார்த்தாலும் நல்லது.

அடுத்தது, கண்டுபிடிப்பு யாருடையது? பல்கலைக்கழகத்தின் பணத்திலும் கருவிகளிலும் செய்ததென்றால் பெரும்பாலும் உரிமை பல்கலைக்கழகத்திடம் இருக்கும். நீங்கள் அதனிடம் உரிமம் பெற்றுத்தான் நிறுவனம் நடத்த வேண்டியிருக்கும். அந்த ஒப்பந்தத்தில் உள்ள விகிதங்களும் காலக்கெடுக்களும் முதலீட்டாளர் படிக்கும் முதல் ஆவணமாகும்.

காப்புரிமை வைத்திருப்பதும், தொழில் நடத்தத் தடையில்லாமல் இருப்பதும் வேறு வேறு. உங்கள் பூச்சுக்குக் காப்புரிமை கிடைத்தாலும், அதில் நீங்கள் பயன்படுத்தும் உப்போ கரைப்பான் கலவையோ இன்னொருவரின் காப்புரிமைக்குள் இருக்கலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற கேத்தோடுப் பொருளின் கதை இதற்குச் சான்று. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மின்கல ஆய்வாளர் குட்இனஃப் குழுவில் 1990-களில் பிறந்த அந்தப் பொருளை முன்வைத்து, பல்கலைக்கழகமும் கனடாவின் மின்சார நிறுவனமான ஹைட்ரோ-கியூபெக்கும் ஒரு பக்கம், மேலே சொன்ன ஏ123 மறு பக்கம் என்று ஆண்டுக்கணக்கில் வழக்காடின. காப்புரிமையின் ஆயுள் 20 ஆண்டுகள். மின்கல வேதியியல் ஆய்வகத்திலிருந்து சந்தைக்கு வரவே அதில் பாதி போய்விடும்.

வாங்குவோருக்கு மாதிரி அனுப்பும்போது, அதைப் பகுப்பாய்வு செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்பந்தம் போடுங்கள். எல்லாத் துறைக்கும் எல்லாக் காலத்துக்கும் தங்களுக்கு மட்டுமே என்று முதல் வாடிக்கையாளர் கேட்பார். அவர் பெயரைக் கண்டு மயங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பயன்பாட்டுக்கு மட்டும், சில ஆண்டுகளுக்கு மட்டும், குறைந்தபட்சக் கொள்முதல் உறுதியோடு என்றால் கொடுக்கலாம்.

நிக்கல்-இரும்பு

'உலர் அறை' அவர்களின் அனுபவத்துக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் ஆலை கட்டாதீர்கள் என்பதை மின்கலமே செய்யாதீர்கள் என்று எடுத்துக்கொண்டால் தவறாகிவிடும். பொருள் விற்பவர் மின்கலம் செய்யத் தெரியாதவராக இருந்தால் வாங்குபவரோடு பேசவே முடியாது. மாதிரி தோல்வியுற்றது என்று மட்டும் ஒரு வரி மின்னஞ்சல் வரும்; பூச்சு தவறா, அவர்கள் பயன்படுத்திய மின்பகுளி தவறா என்று தெரியாமல் ஆறு மாதம் போகும். ஆகவே, சில ஆம்பியர்-மணி அளவுள்ள அடுக்குப் பவுச் செல்களை வாரத்துக்கு இருபது முப்பது செய்யும் வசதி உங்களுக்கு வேண்டும். அதைச் சொந்தமாக வைத்திருக்கத் தேவையில்லை. கட்டணம் பெற்றுக்கொண்டு சோதனை அளவில் செய்து கொடுக்கும் ஆய்வு மையங்கள் இருக்கின்றன. செய்த செல்களில் ஒரு பகுதியை உங்களோடு தொடர்பில்லாத ஒரு கூடத்தில் சோதிக்கக் கொடுங்கள். கடிதமா மின்கலமா என்ற உங்கள் முடிச்சை அவிழ்க்கப்போவது அந்த அறிக்கைதான்.

முதல் சந்தையைத் தேர்ந்தெடுப்பதில்தான் என் கருத்து மிக உறுதியானது. முதலீட்டாளர் எல்லோரும் மின்வாகனத்தைப் பற்றிப் பேசுவார்கள், ஏனென்றால் சந்தையின் அளவு அங்கேதான் பெரியது. ஆனால் வாகன உற்பத்தியாளருக்கு ஆயிரம் சுழற்சி, பல ஆண்டு ஆயுள், கடுங்குளிர், கடுவெப்பம், குறைந்த விலை எல்லாம் ஒன்றாக வேண்டும். மாதிரிகளைக் கட்டம் கட்டமாகச் சோதித்து ஏற்றுக்கொள்ளவே பல ஆண்டுகள் எடுத்துக்கொள்வார். எடை குறைந்தால் போதும், சுழற்சி இருநூறே போதும், விலை கூடினாலும் பரவாயில்லை என்று சொல்லும் வாடிக்கையாளரைத் தேடுங்கள். மிக உயரத்தில் பறக்கும் ஆளில்லா விமானங்கள் போன்றவற்றில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். சிலிக்கான் ஆனோடுப் பொருள் செய்யும் சிலா நிறுவனம் 2011-இல் தொடங்கியது. அதன் பொருள் முதன்முதலாகக் கடைக்கு வந்தது 2021-இல், கையில் கட்டும் உடற்பயிற்சிக் கருவி ஒன்றில். பத்து ஆண்டுகள், அதுவும் அவ்வளவு சிறிய கருவிக்குள்.

அவசரப்பட்டவர்கள் பட்டியலில் எடிசனே இருக்கிறார். அவருடைய நிக்கல்-இரும்பு மின்கலம் 1903-இல் பெரும் விளம்பரத்தோடு வந்தது. கசிவும் கொள்திறன் இழப்பும் தலைகாட்டியதும் உற்பத்தியை நிறுத்தி, விற்றதைத் திரும்பப் பெற்றார். திருத்திய மின்கலம் 1909-இல் வந்தபோது அது உண்மையிலேயே நல்ல மின்கலம். அதற்குள் ஃபோர்டின் மாடல் டி சாலைக்கு வந்துவிட்டது. மின்வாகனத்துக்காகப் பிறந்த அந்த மின்கலம் பிறகு ரயில்வே சிக்னல்களிலும் சுரங்கத் தொழிலாளரின் விளக்குகளிலும் பல பத்தாண்டுகள் உழைத்தது. (என் புனைபெயரின் காரணம் இப்போது புரிந்திருக்கும்.)

உங்கள் பொருளுக்கு இன்னொரு பழைய நிழலும் உண்டு. கனடாவின் மோலி எனர்ஜி, ரீசார்ஜ் செய்யத்தக்க லித்தியம் உலோக மின்கலங்களை 1980-களிலேயே விற்றது. 1989-இல் ஜப்பானில் கைப்பேசிகள் தீப்பிடித்ததால் அவற்றைத் திரும்பப் பெற வேண்டி வந்தது, நிறுவனம் கைமாறியது. சோனி 1991-இல் லித்தியம்-அயனியைக் கொண்டுவந்தபோது உலோகம் வேண்டாம், கார்பன் போதும் என்று தொழிலே முடிவு செய்துவிட்டது. எனவே உங்களைச் சந்திக்கும் எந்த மூத்த பொறியாளரும் சுழற்சி எண்ணிக்கைக்கு முன் பாதுகாப்பைக் கேட்பார். ஆணி குத்தியும், சூடாக்கியும், மிகையாகச் சார்ஜ் ஏற்றியும் பார்த்த முடிவுகளை, அவை மோசமாக இருந்தாலும், கையில் வைத்திருங்கள்.

போக்குவரத்தையும் மறக்க வேண்டாம். லித்தியம் மின்கலத்தை அனுப்ப ஐ.நா.வின் 38.3 பிரிவுச் சோதனைகளில் தேற வேண்டும்: உயரத்தின் குறைந்த காற்றழுத்தம், வெப்ப மாற்றம், அதிர்வு, அதிர்ச்சி, ஷார்ட் என்று அந்த வரிசை நீளும். முன்மாதிரிகளுக்கு விதிவிலக்கு உண்டு. அதற்குத் தனிப் பொதியலும் விமானத்தில் அனுப்ப முன்னனுமதியும் வேண்டும். லித்தியம் உலோக மின்கலங்களைத் தனியாகப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றவே முடியாது. மாதிரியை அடுத்த வாரம் அனுப்புகிறோம் என்று கூட்டத்தில் வாக்குக் கொடுப்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளித்தகடு

நான்கு மாதங்கள் கழித்து வருகிறேன், அனைவருக்கும் நன்றி. முதல் கட்டுரைக்கு முன்பே பல்கலைக்கழகம் விண்ணப்பித்திருந்தது என்று தெரிந்து மூச்சு வந்தது. இரண்டாம் கட்டுரையை நிறுத்திவைத்திருக்கிறோம்.

50 மைக்ரான் தகடு, 3 மில்லி ஆம்பியர்-மணி கேத்தோடு, ஆம்பியர்-மணிக்கு 4 கிராம் மின்பகுளி என்று 24 செல்கள் செய்தோம். பூச்சு இல்லாதவை சராசரியாக 46 சுழற்சிகளில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கின. பூசியவை 163. நாங்கள் எழுதிய 500 எங்கே, இது எங்கே என்று இரண்டு நாள் ஆய்வகப் பக்கமே போகவில்லை. ஆயினும் 24-ஐயும் இங்கே சொல்லிவிட்டேன். பூச்சைச் சாதாரணப் பூச்சு எந்திரத்தில் பூச முடிகிறது. சுருட்டினால் ஒட்டிக்கொள்கிறது, அதற்கு இடையில் ஒரு தாள் வைக்க வேண்டியிருக்கிறது.

சோதனைக்கூடம்

46-இலிருந்து 163 என்பது மூன்றரை மடங்கு. இந்த எண்ணை நான் நம்புகிறேன். பழைய 500-ஐ நம்பவில்லை. லித்தியம் தீர்ந்துதான் செத்தன என்றால் கணக்குப்படி உங்கள் செல்கள் ஒவ்வொரு சுழற்சியிலும் 97.8 சதவீதம் லித்தியத்தைத் திருப்பித் தந்திருக்கின்றன, வாகனத்துக்குப் போதாது. ஆனால் லித்தியம் தீர்ந்துதான் செத்தனவா? கொள்திறன் மெல்லத் தேய்ந்ததா, 150-ஐத் தாண்டியதும் திடீரென விழுந்ததா? இறந்த செல் ஒன்றை ஆர்கான் வாயு நிரப்பிய பெட்டிக்குள் திறந்து பாருங்கள். செப்பரேட்டர் காய்ந்திருந்து, பூச்சுக்கு அடியில் லித்தியம் இன்னும் வெள்ளியாகப் பளபளத்தால், தீர்ந்தது மின்பகுளி. அப்படியானால் நீங்கள் பேச வேண்டிய முதல் ஆள் மின்கல உற்பத்தியாளர் அல்ல, மின்பகுளி செய்பவர். தகடு கறுத்துப் பொடியாகியிருந்தால் பாலிமரிடமே திரும்பிப் போக வேண்டும். படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்க்கலாம்.